மேல்வீட்டுக்காரியின் முடி

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

சிண்டு எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், கால் மட்டும் நன்றாக இல்லை. இந்த பார்லரில் வேலைக்காரிகள் உட்காரக் கூடாது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் இறக்கும்வரை நின்றபடியேதான். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் அத்தான்தான் எடுக்கிறார். "அக்கா குளிக்கிறா", "அக்கா தூங்குறா", மறுபடியும் "அக்கா குளிக்கிறா." ஒரு மனுஷி எத்தனை தடவைதான் குளிப்பாள்? அதனால்தான் கடிதம். என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது என்று திட்டாதே.

இங்கே நடக்கும் கூத்தைக் கேள். வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை: "சுத்தமான தேங்காய்ப்பால் கூந்தல் சிகிச்சை". படத்தில் உடைத்த தேங்காயும், கண்ணை மூடிச் சிரிக்கிற ஒருத்தியும். தேங்காய் இந்தக் கட்டடத்துக்குள் வந்ததே இல்லை. பாக்கெட் மாவை வெந்நீரில் கரைத்து, கண்டிஷனரை ஊற்றிக் கலக்கி, பிரஷ்ஷால் பூசுகிறோம். நேற்று ஒரு அம்மா, "இது இப்ப பிழிஞ்சதா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் முதலாளியம்மா, "இப்பதான் பின்னாடி பிழிஞ்சு கொண்டாந்தாங்க" என்றார். பின்னாடி கழிவறைதான் இருக்கிறது.

அதே முதலாளியம்மா, முதல் நாள் நான் எண்ணெய் தடவிக்கொண்டு போனதற்கு எல்லோர் முன்னாலும் நிறுத்திவைத்து, "என்னடி இது, வாணலியில முக்கி எடுத்த மாதிரி? கஸ்டமர் ஓடிடுவாங்க, போய் அலசிட்டு வா" என்றார். நாம் தடவினால் பட்டிக்காடு. அதையே பாக்கெட்டில் போட்டு விற்றால் சிகிச்சை. வயிறு எரிகிறது.

உன் முடியைப் பற்றி இங்கே சொன்னேன். இடுப்புக்குக் கீழே என்றால், "சவுரியா?" என்கிறாளுக. ஒரு போட்டோ அனுப்பு, மூக்கை உடைக்கிறேன்.

வீங்கின கால்களோடும் தீராத பாசத்தோடும்,
சிண்டு

ஜனவரி 21

அருமைச் சிண்டுவுக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் இரண்டு பேரும் சுகம். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை, வீக்கம் வடியும்.

என் போன் அவர் கடையிலேயே இருக்கிறது. மருந்துக்கடை என்றால் பத்துப் பேர் கூப்பிடுவார்கள், அவருக்கு ஒரு போன் போதவில்லையாம். எனக்கு எதற்கு, யாரிடம் பேசப் போகிறேன்? நீ கடிதமே போடு. தபால் மதியத்துக்கு முன்னால் வந்துவிடும். அவர் கடையில் இருக்கிற நேரம்.

உன் தொழிலில் எனக்கு ஒரு சந்தேகம். இப்போதெல்லாம் எண்ணெயை வீட்டிலேயே காய்ச்சுகிறேன். தேங்காய்ப்பாலைப் பிழிந்து, அடிகனமான பாத்திரத்தில் விடாமல் கிண்டினால் பால் திரிந்து, கசடு சிவந்து, சடசடப்பு அடங்குகிற நேரத்தில் எண்ணெய் தெளிந்து நிற்கும். தினமும் காலையில் உச்சியிலிருந்து நுனிவரை வழிய வழியத் தடவுகிறேன். ஆனால் சாயங்காலத்துக்குள் முடி அதைக் குடித்துவிடுகிறது. அவர் கடை அடைத்து வரும்போது தலை காய்ந்து கிடக்கிறது. நாள் முழுக்கக் காயாமல், வழவழவென்று இருக்க அதில் என்ன சேர்க்க வேண்டும்? விளக்கெண்ணெய் கலக்கலாமா? உங்கள் பார்லரில் இதற்கு ஏதாவது வழி இருக்கும். மறக்காமல் எழுது.

போட்டோ இப்போது வேண்டாம்.

உன் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

உப்புத் தண்ணீர் வேலை செய்தது. காலும் நானும் சுகம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

என்ன, கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் வருகிற நேரத்துக்கு அலங்காரமா? நடத்து, நடத்து. ஆனால் எண்ணெய் விஷயத்தில் நீ செய்வது முழுத் தப்பு. நாள் முழுக்க எண்ணெய் சொட்டினால் புழுதி ஒட்டும், பொடுகு கூடும், நெற்றியெல்லாம் பரு வரும். பிசுபிசுவென்று தலையை வைத்துக்கொண்டிருந்தால் எந்தப் புருஷன் கிட்டே வருவான்?

நான் சொல்கிறபடி செய். நல்ல முற்றின தேங்காயாக எடுத்துத் துருவி, தண்ணீர் அதிகம் விடாமல் முதல் பாலை மட்டும் பிழி. கொஞ்ச நேரம் குளிரவிட்டால் கெட்டியான பகுதி மேலே வந்து நிற்கும். அதை மட்டும் எடுத்து, விரல்நுனியால் மண்டையில் தேய்த்து, முடி முழுக்கப் பூசி, துணியைச் சுற்றி அரை மணி நேரம் இரு. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக அலசு. மைல்டான ஷாம்பூ போடு, அத்தான் கடையில் இல்லாத ஷாம்பூவா? எண்ணெய் தடவியே ஆக வேண்டுமென்றால் அலசுவதற்கு முன்னால் கொஞ்சம், அதுவும் நுனியில் மட்டும். ஒரு தடவை செய்து பார். பட்டு மாதிரி ஆகிவிடும். காசு வாங்காமல் சொல்கிறேன், முதலாளியம்மாவுக்குத் தெரிந்தால் கழுத்தைத் திருகிவிடுவார்.

உன் கூந்தல் ஆலோசகர்,
சிண்டு

பிப்ரவரி 19

சிண்டுவுக்கு,

சுகம். உன் சுகம் எழுது.

நீ சொன்னபடியே செய்தேன். எண்ணெயெல்லாம் போய், முடி பட்டு மாதிரி ஆகிவிட்டது. பின்னினால் பின்னல் நிற்கவில்லை, அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. சரி என்று விரித்தே விட்டிருந்தேன். சாயங்காலம் உன் அத்தான் வந்தார். பார்த்தார்.

குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். பயப்படாதே, கட்டுப் போட்டிருக்கிறேன்.

இனிமேல் தேங்காய்ப்பால் வேண்டாம். நான் கேட்டது எண்ணெய். காயாமல் இருக்க என்ன வழி என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

கை எப்படி இருக்கிறது? தரையில் எண்ணெயைச் சிந்திவிட்டு நடந்திருப்பாய். இதற்குத்தான் சொன்னேன். கேட்டால்தானே.

கோபமா? நான் என்ன சொல்லிவிட்டேன்? நல்லதைத்தானே சொன்னேன். பட்டு மாதிரி ஆனது என்று நீயே எழுதுகிறாய், உடனே வேண்டாம் என்கிறாய். விளக்கெண்ணெய் கலந்தால் சீக்கிரம் காயாது, சரி. ஆனால் எதற்கு? கையால் தொட முடியாது.

இங்கே போன வாரம் ஒரு கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாமியாராகப் போகிறவள் வந்தாள். அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, என்னிடம் இன்ச் டேப் கேட்டாள். எதற்கு என்று பார்த்தால் முடியை அளக்கிறாள்! "போட்டோல நீளமா இருந்துச்சே, இங்க குறையுதே" என்று துணி வாங்கினவள் மாதிரிச் சண்டை. அந்தப் பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான், "உங்க பையனையும் கூட்டிட்டு வாங்க, அவர் முடியையும் சேர்த்து அளந்துடலாம்" என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு முன்வழுக்கை என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலாளியம்மா என்னை உள்ளே கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினார். பரவாயில்லை. எவள் தலையில் என்ன முளைத்தாலும் அதில் ஊருக்கெல்லாம் பங்கு வேண்டும் என்றால் எப்படி?

சீக்கிரம் பதில் போடு. மௌனவிரதம் வேண்டாம்.

சிண்டு

மார்ச் 30

அருமைச் சிண்டுவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. உடம்பு தேவலை. கல்யாணப் பெண் கதையைப் படித்துச் சிரித்தேன். சத்தமாகச் சிரித்து நாளாயிற்று, பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் மேல்வீட்டில் ஒரு பெண் குடியிருக்கிறாள். பாவம். உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. மேலே இருக்கிற முடியை இழுத்து மூடிக் கொண்டை போடுகிறாள். வெளியே போகவே கூசுகிறது என்கிறாள். மறுபடி வளர என்ன தடவ வேண்டும்? எத்தனை நாளாகும்? அவள் என்னை நச்சரிக்கிறாள், எழுது.

உன் அத்தான் எனக்குக் கடையிலிருந்து உயர்ந்த ரக ஷாம்பூவாகக் கொண்டுவந்து தருகிறார். தினமும் அவர் வருவதற்குள் தலை அலசியிருக்க வேண்டும். எண்ணெய் வாசனை அவருக்கு ஆகவில்லையாம், நான் காய்ச்சி வைத்திருந்ததைச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். தேங்காயும் வாங்குவதில்லை. ஷாம்பூ பாட்டிலைப் பார்த்துவிட்டுத் தெருவில், "புருஷன்னா இப்படிக் கவனிக்கணும்" என்கிறார்கள்.

ஒரு பாட்டில் எண்ணெய் அனுப்புவாயா? வீட்டுக்கு வேண்டாம். அடுத்த தெருவில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார், அவர் முகவரியை அடியில் எழுதியிருக்கிறேன். மேல்வீட்டுக்காரிக்காகத்தான் கேட்கிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். எண்ணெய்ப் பார்சலை நீ சொன்ன முகவரிக்கு அனுப்பிவிட்டேன். கடிதம் வழக்கம்போல உன் வீட்டுக்கு.

மேல்வீட்டுக்காரி விஷயம். தலையைப் பார்க்காமல் சொல்வது தப்பு, அதனால் நீ பார்த்துச் சொல். அவளை வெளிச்சத்தில் உட்காரவை. முடி போன இடம் உள்ளங்கை மாதிரி வழவழப்பாக இருந்தால் அது ஒரு வியாதி, தோல் டாக்டரிடம் போகட்டும். அப்படி இல்லாமல், கட்டையும் நெட்டையுமாக ஒடிந்த முடி குத்திக்கொண்டிருந்தால், தொட்டவுடன் அவள் முகம் சுளித்தால், அது உதிர்ந்த முடி இல்லை அக்கா. பிடுங்கின முடி.

இங்கே அப்படிப்பட்ட தலைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் "உதிருது" என்றுதான் சொல்வார்கள். முதலாளியம்மாவும், "ஸ்ட்ரெஸ்தான் மேடம்" என்று சொல்லி மாவுப் பாலைப் பூசிக் காசை வாங்கிக்கொண்டு அனுப்புவார். அவருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். துண்டை உதறி அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்.

வேர் சாகவில்லை என்றால் முடி வளரும். பாலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், பிடுங்குகிற கை நிற்க வேண்டும். அவள் புருஷன் என்ன செய்கிறான்? பார்த்தால் எப்படிப்பட்டவன்? அவளிடம் கேட்டு எழுது. நான் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்.

சிண்டு

ஏப்ரல் 17

அன்புள்ள சிண்டுவுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே யாவரும் சௌக்கியம். உன் உடல்நிலையும் வேலையும் நல்லபடி இருக்கும் என நம்புகிறேன்.

உன் அக்காவுக்கு நீ எழுதிய கடிதம் என் கைக்கு வந்தது. மாத்திரை வாங்கக் கடைக்கு வந்த தபால்காரர் அப்படியே கொடுத்துவிட்டுப் போனார். படித்தேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே, நமக்குள் ஒளிவுமறைவு ஏது.

எங்கள் வீட்டுக்கு மேலே யாரும் குடியில்லை. மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். பொழுது போகாமல் உன் அக்கா கதை கட்டுகிறாள். கொஞ்ச நாளாக அவளுக்கு ரத்தச்சோகை. முடி கொட்டுவது அதனால்தான். சத்து மாத்திரையை நானே என் கையால் கொடுத்துவருகிறேன்.

எண்ணெய், பால் என்று எழுதி அவள் மனதைக் கலைக்க வேண்டாம். வேலைக்குப் போகிற பெண்கள் நாலு இடத்தில் நாலு பேச்சைக் கேட்பீர்கள். அதை ஒரு குடும்பத்துக்குள் கொண்டுவருவது அழகில்லை. நாளைக்கு உனக்கும் ஒரு வாழ்க்கை அமைய வேண்டும் அல்லவா? பேருக்கு ஏற்ற மாதிரி சிண்டு முடிந்துவிடுகிற வேலை வேண்டாம். தமாஷுக்குத்தான் சொல்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தான்

ஏப்ரல் 24

அக்கா,

இதைத் தையல்காரம்மா மூலம் அனுப்புகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை.

மேல்வீட்டில் தண்ணீர்த் தொட்டி. அவர் எழுதினதைப் படித்துவிட்டு உன் கடிதங்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காயாத எண்ணெய் எதற்கு என்று இப்போதுதான் உறைத்தது. பிடித்தால் வழுக்கத்தானே? அதைக் கேட்டவளிடம் அலசு, பட்டு மாதிரி ஆக்கு என்று பாடம் நடத்தியிருக்கிறேன். பார்லர் மூளை. அவர் கைக்கு வாகாக நான்தான் கொடுத்தேன். "பார்த்தார்" என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தாயே, அதற்கு மேல் உன்னால் எழுத முடியவில்லை, எனக்கும் படிக்கத் தெரியவில்லை.

லீவு போட்டு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

"கை நீட்டுறது தப்புதான்" என்றார். "ஆனா மனுஷன் குடிக்கிறானா? ஊர் சுத்துறானா? கடை வச்சிருக்கான், நாலு பேர் மதிக்கிறாங்க. இறுக்கமா கொண்டை போட்டுக்கச் சொல்லு, பிடி கிடைக்காது."

"அவ என்ன மாடாப்பா? கயிறை மாத்திக் கட்டச் சொல்றீங்க?"

"எங்கிட்ட எகிறாத. அவ ஒரு வார்த்தை சொன்னாளா? நீ எதுக்குக் குதிக்கிற?"

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "அவ்வளவு முடி இருந்தா யார் கண்ணும் படத்தானே செய்யும்" என்றாள். முடிமேல்தான் குற்றம். சரி, அப்படியே இருக்கட்டும். அக்கா, அதை வெட்டிவிடு. ஒட்ட வெட்டிவிடு. மொட்டையே அடி. பிடிக்க ஒன்றும் இல்லாமல் போகட்டும். நீ சரி என்று ஒரு வரி எழுது, கத்தரியோடு நானே வருகிறேன்.

சிண்டு

மே 14

சிண்டு,

உடம்பு எப்படி என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மணிக்கட்டு குளியலறையில் பிசகவில்லை. ரத்தச்சோகையும் இல்லை. உன் கடிதம் வந்து பல நாள் பதில் எழுதாமல் இருந்தது பயத்தால் இல்லை. உன்மேல் அவ்வளவு கோபம்.

எண்ணெய்த் தலையில் கை நிற்காது. ஒரு பிடி போட்டால் நழுவும், மறுபடி பிடிப்பதற்குள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுவிடுவேன். நான் எனக்காகக் கண்டுபிடித்த ஒரே வழி அதுதான். அவர் ஷாம்பூ கொண்டுவந்து அதை அடைத்தார். அப்பா கொண்டை போடச் சொல்கிறார். அம்மா கண் பட்டது என்கிறாள். நீ மொட்டை அடிக்கச் சொல்கிறாய். எல்லோரும் என் முடியிடமே போய் நிற்கிறீர்கள். அவர் கையைப் பற்றி எவராவது ஏதாவது சொன்னீர்களா? கத்தரியோடு வருகிறேன் என்று எனக்கு எழுதுகிறாயே, என் தலைதான் உனக்கும் சுலபமாகக் கிடைத்ததா? முடி போனால் காதைப் பிடிப்பார். காதையும் வெட்டிக்கொள்ளவா?

வெட்ட மாட்டேன். அது என்னுடையது.

நேற்று அவர் கடைக்குப் போனேன். வேலை விட்டு எல்லோரும் மருந்து வாங்க வருகிற சாயங்கால நேரம். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் இருமல் மருந்து வாங்கினார். "சாப்பிட்ட பிறகு குடிங்கய்யா, நல்லா குலுக்கிட்டுக் குடிங்க" என்று எவ்வளவு பொறுமையாகச் சொன்னார் தெரியுமா? எனக்கே அவரைப் பிடித்துப்போயிற்று.

என் முறை வந்தது.

"இங்க என்ன?" என்றார், உதடு அசையாமல்.

கொண்டையை அவிழ்த்து, மேசைமேல் குனிந்து, அந்த இடத்தைக் காட்டினேன். "இதுக்கு என்ன மருந்து போடலாம்னு சொல்லுங்க."

"வீட்டுக்குப் போ. வந்து பேசிக்கலாம்."

"வீட்டுல மருந்து இல்லையே. நீங்க பிடுங்கின இடம், உங்களுக்குத்தானே தெரியும், என்ன போட்டா ஆறும்னு."

ஒருத்தி "ஐயோ" என்றாள். ஒருவன், "குடும்ப விஷயத்த வீட்டோட வச்சுக்கம்மா, எங்களுக்கு நேரமாகுது" என்றான். அந்தப் பெரியவர் மட்டும் வாங்கின பாட்டிலை மேசைமேல் திருப்பி வைத்துவிட்டுப் போனார். மீதிப் பேர் நகரவில்லை. அவர்களுக்கு மருந்து வேண்டும்.

ஆனால் நான் ஒன்றைப் பார்த்தேன் சிண்டு. அவர் கை எழும்பியது. மேசைக்கு மேலே, என் தலைக்கு நேராக. வரிசையை ஒரு தடவை பார்த்தார். கை அப்படியே நின்றது. பிறகு அதே கையால் மருந்துச் சீட்டை எடுத்து அடுத்தவரைக் கூப்பிட்டார். இத்தனை வருஷமாக, "கோபத்துல கை தானா வந்துடுது, நான் என்ன பண்ண?" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன். அந்தக் கைக்கு நிற்கத் தெரியும். ஆள் இருந்தால் நன்றாகவே நிற்கும்.

அங்கிருந்து நேராகத் தையல்காரம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பவில்லை, மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். உன் அறையில் இன்னொரு பாய் விரிக்க இடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஒதுங்கிப் படு.

அக்கா

ஜூன் 9

மருந்துக்கடை அத்தானுக்கு,

உறையில் போட்டால் நீங்கள் மட்டும் படிப்பீர்கள் என்று இந்தத் தபால் அட்டை. கொண்டுவருகிறவர் படிக்கலாம், வரிசையில் நிற்கிறவர்களும் படிக்கலாம்.

அக்கா என்னோடு இருக்கிறாள். போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டோம். முதல் தடவை போனபோது அங்கே இருந்தவர், "முடிதானேம்மா, வளர்ந்துடும்" என்று திருப்பி அனுப்பினார். டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி போய், புகாரை வாங்குகிறவரை எழுந்திருக்க மாட்டோம் என்று பெஞ்சில் உட்கார்ந்தோம். வாங்கினார்கள். உங்களைக் கூப்பிடுவார்கள். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வருவீர்கள், அங்கேயும் சிலர் உங்களை நம்புவார்கள். அது எங்களுக்குத் தெரியும்.

அப்பாவைத் தூது அனுப்பினீர்கள். வந்து வாசலில் நின்று, "ஒரு தடவை மன்னிச்சுடும்மா" என்றார். அக்கா தலை சீவிக்கொண்டிருந்தாள். "எதைப்பா மன்னிக்கணும்? சொல்லுங்க, வாயால சொல்லுங்க" என்றாள். அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அட்டையின் அடியில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. நீங்கள் நலமா என்று கேட்கலாம். கேட்கவில்லை.

சிண்டு